கழிவுநீருக்குக் கிடைப் படுகையா, செங்குத்துப் படுகையா?

செடிப் படுகை அமைத்துக் கழிவுநீரைச் சுத்தம் செய்ய நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "என்ன செடி வைக்கலாம்?" என்றுதான். கல்வாழையா, நாணலா, சம்பங்கோரையா, வெட்டிவேரா என்று பேச்சு அரை மணி நேரம் ஓடும். 120 மாணவர்கள் தங்கும் ஒரு விடுதியின் நிர்வாகக் குழுவிலும் அப்படித்தான் ஆரம்பித்தது. அவர்களுக்கு எழுதிக் கொடுத்த ஒப்பீட்டை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். செடியைப் பற்றிக் கடைசியில் நாலு வரி வரும். முதலில் முடிவு செய்ய வேண்டியது, படுகைக்குள் ஆக்சிஜன் எந்த வழியாகப் போகப்போகிறது என்பதை. உள்ளே எந்த பாக்டீரியா குடியேறும் என்பதை அந்த வழிதான் தீர்மானிக்கும். யார் குடியிருக்கிறார்கள் என்று தெரிந்துவிட்டால், வெளியே வரும் தண்ணீரின் தரத்தையும் ஏறக்குறையச் சொல்லிவிடலாம்.

கணக்கைப் பார்ப்போம். ஒருவர் நாளுக்கு 100 லிட்டர் என்றால் 120 பேருக்கு 12,000 லிட்டர். ஒருவர் உடலிலிருந்து நாளுக்குச் சுமார் 8 கிராம் நைட்ரஜன் வெளியேறுகிறது என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 960 கிராம், கிட்டத்தட்ட ஒரு கிலோ. செப்டிக் டேங்க் இதைப் பெரிதாகக் குறைப்பதில்லை. யூரியாவை அம்மோனியாவாக்கி அடுத்த கட்டத்துக்கு அனுப்பிவிடும், அவ்வளவுதான். அம்மோனியாவில் உள்ள ஒரு கிராம் நைட்ரஜனை நைட்ரேட்டாக மாற்ற 4.57 கிராம் ஆக்சிஜன் தேவை. அப்படியானால் அம்மோனியாவுக்கு மட்டும் நாளுக்கு நாலரைக் கிலோவை ஒட்டி ஆக்சிஜன் வேண்டும். டேங்கில் படியாமல் கரைந்து வரும் கரிமப் பொருளுக்கு இன்னும் மூன்று, நான்கு கிலோ. ஆக எட்டுக் கிலோ. இதை எந்தப் படுகை, மின்சாரம் அதிகம் தின்னாமல், ஆளை அதிகம் அலைக்கழிக்காமல் உள்ளே இழுக்கும்?

கிடைப் படுகைதான் எல்லோருக்கும் தெரிந்தது. நீளமான தொட்டி, அதில் ஜல்லி, மேலே செடி. ஒரு பக்கம் நுழையும் தண்ணீர் ஜல்லிக்கு உள்ளேயே கண்ணுக்குத் தெரியாமல் ஊர்ந்து மறுபக்கம் வெளியேறும். மோட்டார் வேண்டாம், கொசு வராது, நாற்றமும் அநேகமாக இருக்காது. டென்மார்க்கில் இதற்கு ஆளுக்கு 5 சதுர மீட்டர் என்று கணக்கு வைத்தார்கள். நம் விடுதிக்கு 600 சதுர மீட்டர், ஏறக்குறைய 15 சென்ட் நிலம். குறை என்னவென்றால், ஜல்லி இரவும் பகலும் நீரில் மூழ்கியே இருக்கிறது. காற்றுக்கு வழியே இல்லை.

வேர் காற்றைக் கொண்டுபோகும் என்ற நம்பிக்கை வெகுநாள் இருந்தது. ஜெர்மனியில் கேத்தே சைடல் 1950-களில் கோரை வகைத் தாவரங்களை வைத்துக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் ஆய்வுகளைத் தொடங்கினார். அப்புறம் ராய்ன்ஹோல்ட் கிக்குத், நாணலின் வேர்கள் மண்ணுக்குள் ஆக்சிஜனை இறக்கி பாக்டீரியாவை வாழவைக்கும் என்ற அடிப்படையில் 'வேர் மண்டல முறை'யை முன்வைத்தார். அந்த முறையில் முழு அளவிலான முதல் படுகை 1974-இல் ஓத்ஃபிரெசன் என்ற ஊரில் இயங்கத் தொடங்கியது. டென்மார்க்கும் அதைப் பின்பற்றிப் படுகைகள் அமைத்தது. கரிமக் கழிவு நன்றாகக் குறைந்தது, அம்மோனியா எதிர்பார்த்தபடி குறையவில்லை. டென்மார்க்கின் ஹான்ஸ் பிரிக்ஸ் வேர் வழியாக இறங்கும் ஆக்சிஜனை அளந்து பார்த்தார். நாணல் கீழே அனுப்பும் ஆக்சிஜனில் ஏறக்குறைய முழுவதையும் வேர் தன் மூச்சுக்கே எடுத்துக்கொள்கிறது. வெளியே கசிவது ஒரு சதுர மீட்டருக்கு நாளுக்கு 0.02 கிராம்தான் என்று கண்டார். வேறு சிலர் அளந்தபோது இதைவிடக் கூடுதலாகவும் வந்திருக்கிறது. ஆனாலும் பிரிக்ஸின் எண்ணை விடுதிக்குப் பொருத்திப் பாருங்கள். 600 சதுர மீட்டரிலிருந்து 12 கிராம் கிடைக்கும். தேவையோ எட்டுக் கிலோ.

நீர்ப்பரப்பு வழியாகச் சதுர மீட்டருக்குச் சில கிராம் கரைந்து இறங்கும். அது கரிமம் தின்னும் பாக்டீரியாவுக்கே போதாது. அம்மோனியாவை ஆக்சிஜனேற்றும் நைட்ரோசோமோனாஸ் மிக மெதுவாக வளரும் இனம். ஒன்று இரண்டாகப் பெருகவே நல்ல சூழலில் அரை நாளிலிருந்து ஒரு நாளுக்கு மேல் ஆகும். கரிமம் தின்னும் கூட்டம் அதற்குள் பல தலைமுறை பெருகிவிடும். பந்திக்கு முந்துவது எப்போதும் அந்தக் கூட்டம்தான். அவர்கள் தின்று முடித்து ஆக்சிஜன் மிச்சம் இருந்தால்தான் நைட்ரோசோமோனாஸுக்கு இலை போடுவார்கள். கிடைப் படுகையில் பெரும்பாலும் மிச்சம் இருப்பதில்லை.

சில வருடங்களுக்கு முன் ஒரு விருந்தினர் இல்லத்தில் அடைத்துக்கொண்ட கிடைப் படுகை ஒன்றைத் தோண்டிப் பார்த்தோம். நுழைவாய்ப் பக்கம் ஒரு கை ஜல்லியை அள்ளினால் விரலிடுக்கில் ஆறின கஞ்சி மாதிரி கருப்புக் கொழகொழப்பு வழிந்தது. அழுகின முட்டை நாற்றம். அது கந்தகம். நிலத்தடி நீரில் இருந்த சல்பேட்டை டீசல்ஃபோவிப்ரியோ போன்ற பாக்டீரியா சல்ஃபைடாக மாற்றியிருந்தன. இரும்போடு அது சேர்ந்ததால் வந்த கருப்பு. அந்த ஜல்லியை ஒரு தட்டில் பரப்பி வெயிலில் வைத்தோம். அரை மணி நேரத்தில் ஓரங்கள் துருப்பிடித்தாற்போலப் பழுப்பாகிவிட்டன. காற்று பட்டதும் வேதியியலே மாறிவிடுகிறது. அதே படுகையின் வெளிவாயில் ஜல்லி கழுவி வைத்தது போலச் சுத்தமாக, மழை பெய்த மண்ணின் வாசத்தோடு இருந்தது. ஒரே தொட்டிதான். இந்த முனையில் ஒரு ஊர், அந்த முனையில் வேறு ஊர். அமைத்துக் கொடுத்தவர் நுழைவாயில் பெரிய கல் போடாமல், செப்டிக் டேங்கும் சின்னதாகக் கட்டி, எல்லாச் சுமையையும் முதல் இரண்டு மீட்டரிலேயே இறக்கிவிட்டிருந்தார்.

ஆனால் கிடைப் படுகையை நான் ஒதுக்கிவிடவில்லை. ஆக்சிஜன் இல்லாத அந்த இடம் ஒரு வேலைக்கு மிக நன்றாகப் பொருந்தும். நைட்ரேட்டில் உள்ள ஆக்சிஜனைச் சுவாசித்து, நைட்ரஜனை வாயுவாக வானத்துக்கு அனுப்பும் பாக்டீரியாவுக்கு அதுதான் வீடு. சூடோமோனாஸ், தௌவேரா என்று பெயர் சொல்லலாம். ஆனால் இது ஒரு குலத்துக்கு மட்டும் உரிய தொழில் இல்லை, நூற்றுக்கணக்கான இனங்களில் இந்தத் திறன் பரவிக் கிடக்கிறது. இப்போது டி.என்.ஏ. வரிசையைப் படித்து, படுகையில் யார் யார் இருக்கிறார்கள் என்று பட்டியல் எடுத்துவிடுகிறார்கள். அந்தப் பட்டியலை மட்டும் வைத்து அங்கே என்ன வேலை நடக்கிறது என்று சொல்லிவிட முடியாது. விடுதி நிர்வாகத்துக்கு அந்தச் செலவு தேவையும் இல்லை.

இப்போது செங்குத்துப் படுகை. சுமார் ஒரு மீட்டர் ஆழம். அடியில் பெரிய ஜல்லி, நடுவில் சின்னது, மேலே கழுவின மணல். கழிவுநீர் தொடர்ந்து சொட்டாது. நாளுக்கு நாலைந்து தடவை, மேற்பரப்பு முழுக்க ஒரே மூச்சில் வெள்ளம் போல் விடுவார்கள். தண்ணீர் கீழே இறங்க இறங்க, அதன் பின்னாலேயே காற்று உள்ளே இழுபடும். 12,000 லிட்டர் இறங்கினால் 12 கனமீட்டர் காற்று. நம் ஊர் வெப்பத்தில் ஒரு கனமீட்டர் காற்றில் சுமார் 270 கிராம் ஆக்சிஜன் இருக்கும். இதிலேயே மூன்று கிலோவுக்கு மேல் வந்துவிட்டது. அடுத்த வெள்ளம் வரும்வரை மணல் வடிந்து காற்றாடக் கிடக்கும் நேரத்தில் மீதி பரவி இறங்கும். டென்மார்க் கணக்கு ஆளுக்கு 3 சதுர மீட்டர், விடுதிக்கு 360, அதாவது 9 சென்ட்.

வெப்ப நாடுகளில் இதை 2 சதுர மீட்டர் வரை குறைக்கிறார்கள். நைட்ரோசோமோனாஸுக்கு 30 டிகிரி பிடித்த வெப்பம் என்பதால் அது நியாயம்தான். ஆனால் வெப்பம் ஏறினால் பாக்டீரியாவின் பசியும் ஏறும், தண்ணீரில் கரையும் ஆக்சிஜனோ குறையும். 10 டிகிரியில் லிட்டருக்கு 11 மி.கி. கரையும், 30 டிகிரியில் ஏழரைதான். நிலம் இருக்கிறவர்கள் குறைக்க வேண்டாம் என்பது என் கருத்து.

இந்த மணலின் மேல் 10, 20 சென்டிமீட்டரில்தான் பெரும்பாலான உயிர் வேலை நடக்கிறது. அம்மோனியா முதலில் நைட்ரைட் ஆகும், அப்புறம் நைட்ரேட். முதல் படி ஒரு கூட்டம், இரண்டாம் படி நைட்ரோஸ்பைரா, நைட்ரோபேக்டர் என்று வேறு கூட்டம். வினோகிராட்ஸ்கி 1890-இல் இவற்றைப் பிரித்தெடுத்ததிலிருந்து நூறு வருடத்துக்கு மேல் இப்படித்தான் பாடம். 2015-இல் இரண்டு படியையும் தானே ஏறும் நைட்ரோஸ்பைராவைக் கண்டுபிடித்தார்கள். படிக்கும்போது எனக்குப் புல்லரித்த செய்தி அது. நம் முடிவை அது மாற்றாது, ஏனென்றால் யார் ஏறினாலும் ஆக்சிஜன் வேண்டும்.

சிரமங்கள் இரண்டு. வெள்ளமாக விட ஒரு மோட்டாரும் டைமரும் வேண்டும், அல்லது நிலம் சரிவாக இருந்தால், நிரம்பியதும் மோட்டார் இல்லாமல் தானாகவே மொத்தமாகக் கொட்டும் சைஃபன் தொட்டி. மோட்டார் நாளுக்கு மொத்தமே கொஞ்ச நேரம்தான் ஓடும் என்பதால் கரண்ட் பில் ஒரு பொருட்டில்லை. இரண்டாவது மணல், அதுதான் உண்மையான தலைவலி. ஆற்று மணல் கிடைப்பதில்லை. எம்-சாண்டை அப்படியே கொட்டினால் அதிலுள்ள மாவுத் தூசி ஒரே மழையில் இறுகிவிடும். காற்று நுழையாது, செங்குத்துப் படுகை குளமாகிவிடும். கண்ணாடித் தம்ளரில் ஒரு பிடி மணல் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் கலக்குங்கள். ஒரு நிமிடம் கழித்தும் கலங்கலாக இருந்தால் மறுபடி கழுவச் சொல்லுங்கள். லாரிக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

பிரெஞ்சு முறை என்று ஒன்று உண்டு. செப்டிக் டேங்கே இல்லாமல் கழிவை அப்படியே செங்குத்துப் படுகையின் மேல் விடுவது. முதல் கட்டத்தில் மூன்று படுகை. ஒன்றுக்கு மூன்றரை நாள் சாப்பாடு, ஏழு நாள் ஓய்வு. ஓய்வில்தான் நுட்பம் இருக்கிறது. வரத்து நின்றதும் பாக்டீரியா பட்டினியில் தாங்கள் சுரந்து வைத்த கொழகொழப்பையே தின்னத் தொடங்கும், இண்டு இடுக்கெல்லாம் திறந்துகொள்ளும். மேலே படியும் கசடு வருடக்கணக்கில் மக்கி உரமாகும். இரண்டு கட்டமும் சேர்த்து ஆளுக்கு 2 சதுர மீட்டர், விடுதிக்கு 6 சென்ட். மார்தினிக் போன்ற பிரான்ஸின் வெப்பத் தீவுகளில் மூன்றுக்குப் பதில் இரண்டு படுகையே போதும் என்று காட்டியிருக்கிறார்கள். நாணலுக்குப் பதில் அங்கே ஹெலிகோனியா, கல்வாழை. புதிதாகக் கட்டும் கிராமத்துக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. இந்த விடுதிக்குச் சரிவராது. செப்டிக் டேங்க் ஏற்கனவே இருக்கிறது, மாணவர்கள் நடமாடும் இடத்தில் கழிவு வெளிப்படையாக விழும், வாரத்துக்கு இரண்டு முறை மறக்காமல் வால்வு திருப்ப ஓர் ஆள் வேண்டும். அங்கே இருக்கும் வாட்ச்மேன் அண்ணன் ஒருவரே கேட்டையும், தோட்டத்தையும், மோட்டாரையும் பார்த்துக்கொள்கிறார்.

மீதி இரண்டை வேகமாகக் கடந்துவிடலாம். ஊதுகுழாயால் அடியிலிருந்து காற்றடிக்கும் படுகை மிகக் குறைந்த இடத்தில் நன்றாகவே வேலை செய்யும், ஆனால் கரண்ட் நாள் முழுக்க வேண்டும். நிலமே இல்லாதவர்களுக்கு அது. திறந்த நீர்ப்பரப்பு ஈரநிலம் பெரிய இடங்களுக்கு உரியது. கலிஃபோர்னியாவின் ஆர்காட்டா நகரம் 1986-இலிருந்து சதுப்பு நிலத்தைக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பில் பயன்படுத்துகிறது. ஓமானின் நிமர் பாலைவனத்தில் எண்ணெய்க் கிணறுகளோடு வரும் நீரை நாளுக்கு ஒரு லட்சம் கனமீட்டருக்கு மேல் நாணல் வயல்களில் ஓடவிடுகிறார்கள். விடுதி வளாகத்தில் அப்படித் திறந்துவிட்டால் கொசுதான் முதலில் குடியேறும்.

இதுவரை கேட்ட நிர்வாகிகள், "சரி, அப்ப செங்குத்துதான்" என்றார்கள். நான் கேட்டது, "தண்ணீரை எங்கே விடப் போகிறீர்கள்?" இருபது தென்னைக்கும் கொஞ்சம் வாழைக்கும் என்றார்கள். அம்மோனியா நைட்ரேட் ஆனால் தென்னைக்கு உரம்தானே என்பது அவர்கள் எண்ணம். கணக்கு அதற்கு இடம் கொடுக்கவில்லை. நாளுக்கு ஒரு கிலோ என்றால், விடுமுறை நாட்களைக் கழிக்காமல் பார்த்தால் வருடத்துக்கு 350 கிலோ நைட்ரஜன். காய்க்கும் தென்னை ஒன்றுக்கு வருடத்துக்கு அரைக் கிலோவுக்குச் சற்று மேல் போதும். 350 கிலோவைச் சாப்பிட அறுநூறு தென்னை, எட்டு ஏக்கருக்கு மேல் தோப்பு வேண்டும். இருபது மரம் எடுத்தது போக மீதி எங்கே போகும்? நைட்ரேட் மண்ணில் ஒட்டாது, மழையோடு கீழே இறங்கும். அந்த வளாகத்துக் கிணறு தோட்டத்திலிருந்து நாற்பதடி தூரத்தில் இருக்கிறது. 12,000 லிட்டரில் 960 கிராம் நைட்ரஜன் முழுக்க நைட்ரேட் ஆனால் லிட்டருக்கு 350 மி.கி. நைட்ரேட். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயத்தின் வரம்பு 45. பிள்ளைகள் குடிக்கும் கிணறு என்பதால் இந்த இடத்தில் நான் விட்டுக்கொடுக்கவே இல்லை.

ஆகவே செங்குத்துப் படுகை மட்டும் போதாது. இரண்டு குணமுள்ள பாக்டீரியாவுக்கும் இடம் கொடுக்க வேண்டும். முதலில் செங்குத்து. அதிலிருந்து வெளிவரும் தண்ணீரில் ஒரு பாதியைத் திரும்ப செப்டிக் டேங்குக்கே அனுப்புவது. அங்கே புதுக் கழிவின் கரிமமும் இந்த நைட்ரேட்டும் சந்திக்கும், ஆக்சிஜன் இருக்காது, நைட்ரஜன் வாயுவாகப் போய்விடும். வரும் அளவுக்குச் சமமாகத் திருப்பினால் நைட்ரஜனில் அதிகபட்சம் பாதி இங்கேயே குறையும். இன்னொரு லாபமும் உண்டு. அம்மோனியாவை நைட்ரேட் ஆக்கும்போது தண்ணீரின் காரத்தன்மை கரையும், ஒரு கிராம் நைட்ரஜனுக்குச் சுமார் 7 கிராம் சுண்ணாம்புக்கல் அளவுக்கு. காரத்தன்மை தீர்ந்தால் தண்ணீர் புளித்து நைட்ரோசோமோனாஸ் நின்றுவிடும். நைட்ரேட் வாயுவாகும்போது அதில் பாதி திரும்பக் கிடைக்கிறது. மென்நீர் வரும் ஊர்களில் இது ஒன்றே திருப்பி விடுவதற்குப் போதுமான காரணம். செப்டிக் டேங்கின் கொள்ளளவு இரட்டிப்பு வரத்தைத் தாங்குமா என்று மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். கசடு கலங்கி மணலுக்கு வந்தால் எல்லாம் கெட்டது.

மீதிப் பாதிக்கு, கடைசியில் ஒரு சின்னக் கிடைப் படுகை, நாலு சென்ட் அளவில். சுத்தமாகிவிட்ட தண்ணீரில் கரிமம் இருக்காது, நைட்ரேட்டைச் சுவாசிக்கும் பாக்டீரியாவுக்குச் சாப்பாடு இல்லாமல் போகும். அதனால் ஜல்லியின் ஒரு பகுதியில் மரச் சில்லுகளைக் கலக்கச் சொல்லியிருக்கிறேன். வருடக்கணக்கில் மெல்ல மக்கி அவை சோறு போடும். மொத்தம் 13 சென்ட். தனிக் கிடைப் படுகைக்கான 15 சென்டைவிடக் குறைவு. தோட்டத்துக்குப் போகும்போதும் சொட்டுக் குழாயை மண்ணுக்கடியில் விடுவதும், கீரைப் பாத்திக்கு விடாமல் இருப்பதும் அவசியம். இந்தப் படுகைகள் மலக் கிருமிகளைப் பத்தில் ஒன்றாக, நூற்றில் ஒன்றாகக் குறைக்கும். வருவது கோடிக்கணக்கில் என்பதால் அது போதாது.

விடுதிக்கு விற்க வந்தவர் ஒருவர் 'பாக்டீரியா கல்ச்சர்' பாட்டிலை மாதா மாதம் ஊற்றச் சொல்லியிருந்தார். வேண்டாம் என்றேன். கழிவுநீரே கோடானுகோடி பாக்டீரியாவைத் தினமும் கொண்டு வருகிறது. பாட்டிலில் வந்த இனத்துக்கு அங்கே ஆக்சிஜனும் ஒட்ட இடமும் இல்லையென்றால் ஒரு வாரம்கூடத் தாங்காது. சீக்கிரம் தொடங்க வேண்டுமானால், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் படுகையிலிருந்து ஒரு கூடை மணலை ஈரம் காயாமல் கொண்டுவந்து மேலே தூவலாம். ஆரோவில்லில் பல குடியிருப்புகளில் இத்தகைய படுகைகள் ஓடுகின்றன. அருகில் இருப்பவர்கள் ஒருமுறை போய் மோந்து பார்த்துவிட்டு வருவதும் நல்லது.

பாட்டிலுக்குச் செலவழிக்கும் கவனத்தைக் கழிவறை கழுவும் பொருளில் காட்டலாம். பினாயில், ஆசிட், பிளீச்சிங் பவுடர் மொத்தமாகக் கொட்டினால் முதலில் சாவது மெதுவாக வளரும் கூட்டம், திரும்பி வர வாரக்கணக்கில் ஆகும். மே மாதம் விடுதி காலியாகும். அப்போது மோட்டாரை நிறுத்திவிடாமல், கடைசித் தொட்டித் தண்ணீரையே இரண்டு நாளுக்கு ஒருமுறை மேலே சுற்றவிட்டால் மணல் காயாது. பாக்டீரியா பட்டினி தாங்கும், காய்ந்து வறண்டால்தான் கூட்டமாக மடியும்.

செடி? கல்வாழை வையுங்கள். நம் வெயிலுக்கு நன்றாக வளரும், நர்சரியில் கிடைக்கும், பூக்கும். கீழே வேர் பரவுவதால் மணல் இறுகாமல் இருக்கும், வேரின் மேல்தோலில் பாக்டீரியா ஒட்டிக்கொள்ளும். நைட்ரஜனில் செடி எடுப்பது சிறு பங்குதான், அதுவும் வெட்டி அப்புறப்படுத்தினால் மட்டும்.

வண்ணமீன் கடையில் அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் மூன்றுக்கும் சொட்டு மருந்துப் பரிசோதனைப் பெட்டி கிடைக்கும். கழிவுநீர் கெட்டியானது, நல்ல தண்ணீரில் பத்து மடங்கு கலந்து பார்க்க வேண்டும். படுகை ஓடத் தொடங்கியதும் வாரம் ஒருமுறை வாட்ச்மேன் அண்ணன் இரண்டு பாட்டிலில், உள்ளே போவதும் வெளியே வருவதுமாக எடுத்துப் பார்த்து, விடுதி அலுவலகச் சுவரில் எழுதி வைப்பார். முதலில் அம்மோனியா இறங்கும், நைட்ரைட் ஏறும். அப்புறம் நைட்ரைட்டும் இறங்கி நைட்ரேட் ஏறும். அது இரண்டாம் மாதமாகவும் இருக்கலாம், மூன்றாம் மாதமாகவும் இருக்கலாம். அடுத்தடுத்து இரண்டு வாரம் நைட்ரைட் கிட்டத்தட்ட இல்லை என்று காட்டிய பிறகே, செப்டிக் டேங்குக்குத் திருப்பும் வால்வைத் திறக்கச் சொல்லியிருக்கிறேன்.